காலி டப்பாவுக்கும் ஒரு விலை

போன மாதம் எங்கள் மெக்கானிக் குழுவில், போனில், ஒரு படம் வந்தது. அட்டைப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு டர்போ. கூடவே நாலு குழாய், ஒரு பை நட்டு போல்ட்டு. கீழே விலை. எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கும் கீழே கலசப்பாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி.

"அண்ணே, பழைய ஸ்போர்ட்ஸ் மாடல் பெட்ரோல் வண்டி. டர்போ ஏத்தணும்னு பார்ட்டி வந்துக்கிறார். இதுகூட கூலி சேத்து ஒரு லட்சம்னு சொல்லிடலாமா?"

நான் பதில் போட்டேன். "டப்பா வெச்சியா?"

யாருக்கும் புரியவில்லை. இன்னா டப்பா என்று கேட்டார்கள். ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். வேலையை விட்டு உட்கார்ந்த பிறகு எனக்கு நேரம் கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது தாண்டவில்லை. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

எங்கள் ஊர் கணியம்பாடிப் பக்கம். அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பயிர். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. லாரிப் பட்டறை, டீசல் பம்புக் கடை, வெல்டிங் என்று சுற்றினேன். அடி வாங்கியது, கை சுட்டது எல்லா மெக்கானிக்குக்கும் உள்ளதுதான். காதர் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள். சொல்ல வேண்டியது அங்கிருந்துதான் இருக்கிறது.

பாயின் பட்டறை வேலூர் போகிற ரோட்டில். ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் பலாவும் ஏற்றி இறங்கும் லாரிகள்தான் வேலை. ஆனால் வேகத்துக்கு ஆசைப்பட்ட கார்க்காரர்களும் அவரைத் தேடி வருவார்கள். பாய் அதிகம் பேச மாட்டார். எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய் என்று முதலில் கேட்க மாட்டார்.

"எங்க ஓட்டப் போறீங்க?"

ரோட்டில் என்றால், "ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுட்டு வாங்க. அவங்க சரின்னா எனக்கும் சரி." போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வரவில்லை. பாய்க்கு அதில் வருத்தமும் இல்லை.

திரும்பி வந்தவர்களுக்குச் சாக்கு விரிப்பார்.

அது ஒரு யூரியா சாக்கு. துவைத்து, பிரித்து வைத்திருப்பார். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதில் செத்த பாகங்கள். ரம்பத்தால் அறுத்த ஒரு டர்போ, வெடித்த பிஸ்டன், கருகிய கிளட்ச் பிளேட், கோணிய ராடு, ஓரம் எரிந்த ஹெட் கேஸ்கெட், கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட பிரேக் பேட். எல்லாம் எங்கள் பட்டறையில் கழற்றியவை. டர்போ வேண்டும் என்று யார் வந்தாலும் அந்தச் சாக்கில் இவற்றை ஒவ்வொன்றாக வரிசையாக வைப்பார். விலைச் சீட்டு என்று எழுதிக் கொடுக்க மாட்டார். அவர் கணக்கே அந்தச் சாக்குதான்.

வரிசைக்கு ஒரு முறை உண்டு. நான் கேட்டேன், எதை முதலில் வைப்பது எதைப் பின்னால் வைப்பது எப்படித் தெரியும் என்று.

"காத்துகூடவே நட, முருகேசு. அது தொடற எடம் எல்லாம் செலவு."

டர்போ என்பது ஒரு தண்டில் மாட்டிய ரெண்டு சக்கரம். எஞ்சின் விடும் புகை ஒன்றைச் சுற்றும். அது சுற்ற, மற்றது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அடைத்துத் தள்ளும். அவ்வளவுதான். அடைத்த காற்று சூடாகும். அதை ஆற்ற ஒரு கூலர். காற்று கூடினால் பெட்ரோல் கூட வேண்டும். அதற்குப் பெரிய இன்ஜெக்டர், பம்பு. எப்போது எவ்வளவு ஊற்றுவது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தர ஒரு ஆள். அது மெட்ராஸில்தான். பாய் அதற்கு ஒரு துண்டு வயர் வைப்பார். பிறகு வெடிக்கிற இடம். கேஸ்கெட், பிஸ்டன், ராடு. பிறகு சூடு. ரேடியேட்டர், ஆயில் குழாய். பிறகு அந்தப் பலம் போகிற வழி. கிளட்ச், ஆக்ஸில், டயர். கடைசியில் பிரேக். ஓட்டம் கூடினால் நிற்கவும் வேண்டுமே.

வேலூர்க்காரர் ஒருவர் சாக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா பாய், டர்போதான கேட்டேன். காயலாங் கடையவே வெச்சிட்டீங்க."

"நீங்க கேட்டதும் இதுல ஒண்ணா கீது பாருங்க," என்றார் பாய். "எது வேணாமோ எடுத்துடுங்க. அத நான் சேக்கல."

அவர் குனிந்து பிரேக் பேடை எடுத்தார். யோசித்தார். திரும்ப வைத்துவிட்டார். கிளட்சை எடுத்தார். அதையும் வைத்தார். எல்லோரும் இப்படித்தான். கையில் எடுத்தால் வைக்கத் தோன்றும். தாளில் இருந்தால் சுலபமாக அடித்துவிடுவார்கள்.

எல்லாம் வைத்த பிறகு பாய் சாக்கின் ஓரத்தில் ஒரு நெய் டப்பா வைப்பார். காலி. மூடி திறந்து காட்டுவார். வருகிற பணத்தில் முதல் பங்கு அதற்குத்தான். டர்போ வாங்கும் முன்னாலேயே அந்தப் பங்கை அதில் போட்டு மூடிவிடுவார். எஞ்சினைத் திறந்தால்தான் தெரிகிற செலவுக்கு அது. வேலை முடிந்ததும் பார்ட்டி முன்னால் டப்பாவைக் கவிழ்ப்பார். விழுவது பார்ட்டிக்கே.

எவ்வளவு போடுவது என்று கேட்டேன்.

"இருவது வருஷ வண்டின்னா நாலுல ஒரு பங்கு. பல கை மாறியிருந்தா மூணுல ஒரு பங்கு. எத்தினி பேர் தொட்டாங்களோ அத்தினி பொய் உள்ள இருக்கும்."

அவர் ஒரு நாளும் விலையைத் தரையில் நின்று சொன்னதில்லை. முதலில் காரை மலைக்கு எடுத்துப் போவார். நல்ல வெயிலில். போளூர்ப் பக்கமிருந்து ஏறுகிற ரோட்டில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வரும்வரை அடிவாரத்தில் காத்திருப்பார். லாரி வந்ததும் அதன் பின்னால் ஏறுவார். முந்த மாட்டார். அது ஊர்ந்தால் இவரும் ஊர்வார். முன்னால் காற்று வராது, லாரிச் சூடு முகத்தில் அடிக்கும், எஞ்சின் இழுக்க வேண்டும். அந்த ஏற்றத்தில் கண் முழுக்கச் சூடு காட்டும் முள்ளில் இருக்கும். சும்மா ஓடும்போதே சூடு தாங்காத காருக்கு டர்போ போட்டால் என்ன ஆகும் என்று அங்கே தெரிந்துவிடும். அதில் கூச்சல் போட்ட கார்க்காரர்கள் உண்டு. ஹாரன் அடிக்கச் சொல்வார்கள். பாய் அடிக்க மாட்டார்.

சாக்கில் இருந்த டர்போ எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இதில்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் சறுக்குவோம்.

நாங்கள் லாரிக்காரர்கள். டீசல் டர்போ எங்களுக்குப் பழக்கம். பழைய டீசல் வேன்களிலிருந்து கழற்றிய டர்போ காயலான் கடையில் ரொம்ப மலிவு. அதைப் பெட்ரோல் காருக்கு மாட்டினால் என்ன? பட்டறையில் எல்லோரும் கேட்டோம். நான்தான் விடாமல் கேட்டேன். எனக்கு அது முடியாது என்று நம்பிக்கை வரவில்லை. சக்கரம் சக்கரம்தானே.

பாய் வாதம் செய்யவில்லை. "தெரிஞ்சிக்கணுமா?" என்றார். காயலானுக்குப் போக வேண்டிய ஒரு பெட்ரோல் எஞ்சினை இரும்புச் சட்டத்தில் ஏற்றினோம். அதற்கு வேன் டர்போவை மாட்டினோம். ஓட்டினோம். நன்றாகத்தான் ஓடியது. சத்தம் கேட்க ஆசையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் புகை வெளியே வரும் குழாய் சிவந்தது. வெல்லம் காய்ச்சும் அடுப்பு வாய் மாதிரி. டர்போவும் சிவந்தது.

"நிறுத்து," என்றார் பாய்.

மலை ஏறி வந்த லாரியை டிரைவர்கள் உடனே அணைக்க மாட்டார்கள். இறங்கி ஒரு பீடி பிடிப்பார்கள். அதுவரை எஞ்சின் சும்மா ஓடும். ஆயில் ஓடி டர்போ ஆறும். எனக்கு அது தெரியும். "சும்மா ஓட விடட்டுமா பாய்?" என்றேன்.

"வேணாம். எல்லாரும் பீடி புடிக்கிறவன் கெடையாது. அணை."

அணைத்தேன். மறுநாள் விரலால் சக்கரத்தைச் சுற்றினால் அசையவில்லை. பாய் ரம்பத்தை என்னிடம் கொடுத்தார். அறுத்துப் பார்த்தேன். தண்டு பென்சில் பருமன்தான். அதைச் சுற்றி ஆயில் கரியாகி இறுகியிருந்தது. பெட்ரோல் புகை டீசல் புகையைவிடச் சூடு. அந்த வேன் டர்போவுக்கு ஆற ஆயில் மட்டும்தான். பெட்ரோல் காருக்கு உள்ளதில் தண்ணீர் போகவும் வழி இருக்கும். அதனால்தான் விலை. நான் அந்த அறுத்த டர்போவை ரொம்ப நாள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சின்னத் தண்டு அந்த வேகத்தைத் தாங்குவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பாய்க்குக் கண் மங்கியதும் பட்டறையை மூடிவிட்டு ஆம்பூரில் மகள் வீட்டுக்குப் போனார். மரப்பெட்டியையும் டப்பாவையும் என்னிடம் கொடுத்தார். நான் சந்தவாசலில் ஒரு ஷெட் போட்டேன்.

அங்கேதான் பாஸ்கர் வந்தார். கலசப்பாக்கத்தில் விதை, உரக் கடை வைத்திருப்பவர். நாற்பதை ஒட்டிய வயது. கூட அவர் சம்சாரம் தேவகி. கடைக் கணக்கு அவர் கையில். கார் பழையது. ஒரு காலத்தில் வேகத்துக்குப் பேர் வாங்கிய பெட்ரோல் மாடல். பாஸ்கர் நாலாவது கை.

பாஸ்கர் பேசும் முன்னால் தேவகி பேசினார்.

"அண்ணே, மொதல்லயே சொல்லிடறேன். குடோன் கட்ட வெச்ச பணத்துல மூணு லட்சம் எடுத்துக் குடுக்கிறேன். அதுக்கு மேல ஆச்சின்னா கார வித்துடறதுன்னு பேச்சு. அவரே ஒத்துக்கினாரு."

"ஆவாது தேவகி. டர்போ செட்டே எண்பதாயிரம்தான். மீதியில உனக்கு வளையல் வாங்கலாம்," என்றார் பாஸ்கர்.

"வளையல் வாங்கற மூஞ்சியப் பாருங்கண்ணே."

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். மெட்ராஸ் பக்கம் இருக்கும் ரேஸ் டிராக்கில் மட்டும், வருஷத்துக்கு மூணு நாலு தடவை, ரோட்டில் ஓட்ட மாட்டேன் என்றார். எதற்கு இந்த ஆசை என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

"போன தபா அங்க போனேன், மேஸ்திரி. பின்னால வர்றவனுக்கெல்லாம் வழி விட்டு வழி விட்டே ஓட்டுனேன். நாள் பூரா பின்னால காட்ற கண்ணாடியப் பாத்துக்கினுதான் இருந்தேன். முன்னால ரோடு எப்படி இருந்திச்சின்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. வேலையை எடுத்துக்கொண்டேன்.

முதலில் மலை. மூன்று பேரும் போனோம். புளி லாரி ஒன்று கிடைத்தது. பின்னாலேயே ஏறினேன். பாஸ்கருக்குப் பொறுக்கவில்லை.

"முந்திக்கலாமே மேஸ்திரி, வழி இருக்குதே."

"வேணாங்க."

"நடந்து வர்றவன் நம்மளத் தாண்டிடுவான் போல."

பின் சீட்டிலிருந்து தேவகி, "நீங்க எறங்கி நடங்க. நாங்க மேல வந்து உங்களப் பாக்கறோம்," என்றார்.

பாதி மலையில் முள் மேலே போனது. நிறுத்தி, ஆற விட்டு இறங்கினோம்.

அடுத்த வாரம் சாக்கு விரித்தேன். பாஸ்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேவகி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றுக்கும் அவர்தான் கேட்டார். இது இன்னாது, இது போனா இன்னா ஆவும், இத ஏன் இப்பவே மாத்தணும். பாஸ்கர் போனில் ரொம்பப் படித்திருந்தார். ஆனால் செத்த பிஸ்டனை அவரும் அன்றைக்குத்தான் கையில் பிடித்தார். ரெண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

வரிசை முடிந்ததும் ஒரு துண்டுக் கயிறு வைத்தேன்.

"கயிறு இன்னாத்துக்குண்ணே?"

"ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னா டிராக்குக்கு லாரியிலதான் ஏத்திப் போவணும்மா. கட்றதுக்கு. லாரி வாடகை."

தேவகி பாஸ்கரைப் பார்த்தார். பாஸ்கர் கூரையைப் பார்த்தார்.

"அப்போ இந்தக் கார் நம்ம வூட்டுக்கு ஒதவாது," என்றார் தேவகி. "கல்யாணம் காட்சிக்கு நாங்க எதுல போறது?"

"குட்டியானை இருக்குதில்ல," என்றார் பாஸ்கர். கடைக்கு மூட்டை ஏற்றும் சின்ன வேன் அது.

"பட்டுப் பொடவ கட்டிக்கினு உர மூட்ட மேலயா?"

கைப்பையைத் திறந்தார். ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்துச் சாக்கில் கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். காற்றில் பறந்தது. அதன் மேல் ஒரு நட்டை வைத்தார்.

பாய் அத்தனை வருஷம் சாக்கு விரித்தார். இது அவருக்கும் தோன்றியதில்லை. நான் எடுக்கவில்லை. அது சரியான செலவுதான்.

பிறகு டப்பா.

"இதுல இன்னாண்ணே இருக்குது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"எவ்ளோ?"

"நாலு கை மாறின வண்டி. மூணுல ஒரு பங்கு, ஒரு லட்சம்."

பாஸ்கர் சத்தமாகச் சிரித்தார். "ஒண்ணும் இல்லாததுக்கா?"

தேவகி சிரிக்கவில்லை. டப்பாவை எடுத்து உள்ளே பார்த்தார். "ஏன் சிரிக்கிறீங்க? நெல்லு வெதைக்கு மொளைக்காததுக்குன்னு சேத்துப் போட்டுக்கச் சொல்லி நீங்கதான தெனம் ஆளுங்களுக்குச் சொல்றீங்க?"

காற்றைக் கம்மியாக அடைத்தால் பழைய பிஸ்டனே தாங்கும், அப்படிச் செய்தால் டப்பாவோடு சேர்த்து மூணு லட்சத்தில் முடியும், அதிகமாக அடைத்தால் அதைப் போல ரெண்டு பங்கு ஆகும் என்றேன். கம்மியே போதும் என்றார்கள். டர்போ இன்னும் வாங்கவில்லை. முதலில் எஞ்சினைத் திறப்போம் என்றேன்.

திறந்தேன். ஹெட்டைக் கழற்றியதும் சந்தேகம் வந்தது. முன்னே யாரோ அதைத் தேய்த்திருந்தார்கள். எஞ்சின் ஒரு தடவை கொதித்திருந்தால்தான் தேய்ப்பார்கள். பாய் முறையில் பார்த்தேன். ஹெட்டைக் கழுவிக் காய வைத்து, வால்வு உட்காரும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, ஊற விட்டேன். நன்றாகத் துடைத்தேன். சாக்பீஸைப் பொடித்துத் துணியில் கட்டி மேலே தட்டினேன். வெள்ளையாக இருந்தது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வெளியே வரும். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ரெண்டு வால்வுக்கு நடுவே முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு வந்தது. மெதுவாக நீண்டது.

பிஸ்டனைக் கழற்றினேன். மூன்று நன்றாக இருந்தன. ஒன்றில் ரிங் உட்காரும் வரப்பு உடைந்திருந்தது.

ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். கோட்டைக் காட்டினேன். தேவகி அதையே பார்த்தார்.

"இது வாங்கும்போதே இருந்திச்சா?"

"இருந்திருக்கும்மா. முன்ன இருந்தவங்க மூடிட்டாங்க."

வேறு ஹெட் வேண்டும். லேத் வேலை வேண்டும். பிஸ்டன் நாலும் மாற்ற வேண்டும். கணக்கைச் சொன்னேன். டப்பா முழுக்கப் போகும். போதாது. டர்போவுக்கு வைத்ததும் போகும்.

பாஸ்கர் உட்கார்ந்துவிட்டார். அந்த மூணு லட்சம் என்ற பேச்சை அவர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. கார் திறந்து கிடந்தது. அப்படியே விற்றால் காயலான் விலைதான் வரும்.

"மேஸ்திரி, வேன் டர்போ ஒண்ணு கெடைக்கும். நம்ம பக்கத்து ஆளே குடுப்பான். ஏழாயிரம். அத மாட்டிடலாமே?"

நான் பெட்டியிலிருந்து அறுத்த டர்போவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எப்படி வந்தது என்று சொன்னேன். அவர் கரியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இறங்கி ஒரு பீடி புடிச்சா?" என்றார். "நீங்க பீடி புடிக்க மாட்டீங்களே," என்றேன். சிரிக்க முயற்சி செய்தார். முடியவில்லை.

"சாக்க விரிங்கண்ணே," என்றார் தேவகி.

விரித்தேன். எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன். அவர் வரிசையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து ஒன்றை எடுத்தார். டர்போவை எடுத்தார். அதோடு கூலர், வயர், கயிறு. பிறகு பஸ் டிக்கெட்டையும் எடுத்தார்.

"இப்போ மீதி எல்லாம் மூணுக்குள்ள வருமா?"

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். "வரும்மா. ஒட்டினாப்போல வரும்."

"டர்போவ எடுத்துட்டு இன்னா டர்போ ஏத்தறது?" என்றார் பாஸ்கர்.

"நான் அவரக் கேக்கறேன். அண்ணே, இதெல்லாம் மாட்டிட்டு, டர்போ இல்லாம வண்டி ஓடுமா?"

நான் யோசித்தேன். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பழைய மாதிரிப் பிஸ்டன் போட்டால் பின்னால் டர்போவுக்கு எவ்வளவு தாங்கும் என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் டர்போவுக்கு ஏற்ற பிஸ்டன்தான் போட வேண்டும். அதில் காற்று கம்மியாக இறுகும். டர்போ இல்லாவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு போதாது.

"ஓடும். ஆனா முன்னவிட மந்தமா ஓடும். பின்னால டர்போ வாங்கும்போது எஞ்சின தொறக்க வேணாம். வெளியவே மாட்டிடலாம்."

"மந்தமாவா?" என்றார் பாஸ்கர்.

"விக்கறதா, மந்தமா ஓட்டறதா?" என்றார் தேவகி.

பாஸ்கர் காரைப் பார்த்தார். "மந்தமாவே ஓட்டறேன்," என்றார்.

வேலையை முடித்தேன். ரேடியேட்டர், கிளட்ச், டயர், பிரேக் எல்லாம் புதுசு. டப்பாவைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. பஸ் டிக்கெட்டை நான் அதற்குள் போட்டு மூடி வைத்தேன். ஏன் என்று தெரியாது.

பாஸ்கர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகம் தொங்கியிருந்தது. "என் பொண்டாட்டி ஓட்டற மாதிரி ஆயிடுச்சி வண்டி."

"அப்போ நானே ஓட்டறேன்," என்றார் தேவகி. எல்லோரும் சிரித்தோம்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தக் காரில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார். மந்தமான எஞ்சின், நல்ல பிரேக். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வண்டி கிடையாது. லைசென்ஸ் வாங்கினார்.

பாஸ்கர் அதே காரை டிராக்குக்கும் ரோட்டிலேயே ஓட்டிப் போனார். போய் வந்தால் போன் செய்வார். எனக்கும் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள ஆசை. தண்ணி சூடு எவ்வளவு காட்டியது, பிரேக் வாடை வந்ததா, டயர் எந்த ஓரம் தேய்ந்தது என்று கேட்பேன். முதல் தடவை நேரான ரோட்டில் எல்லோரும் தாண்டிப் போனார்கள். "ஆனா ஒண்ணு மேஸ்திரி. திருப்பத்துல எல்லாரையும் புடிச்சிடறேன். மறுபடி நேர் ரோட்டுல உட்டுடறேன்." ஏன் என்று ரெண்டு பேரும் பேசினோம். பிரேக்கைத் தாமதமாக மிதிக்க முடிகிறது, அதுதான் என்று அவர் சொன்னார். டயர் என்று நான் சொன்னேன். முடிவு தெரியவில்லை.

ஒரு நெல் பருவம் போய் இன்னொன்று வந்தது. பொங்கல் தாண்டி ஒரு காலை ஷெட்டு முன்னால் ரெண்டு கார் நின்றன. முன்னால் பாஸ்கர். பின்னால் ஒரு சின்னப் பழைய கார். அதிலிருந்து தேவகி இறங்கினார். கையில் அட்டைப் பெட்டி.

"குடோன் கட்டியாச்சிண்ணே. இது என் வண்டி. பழசுதான். அவரு கார அவருக்கே குடுத்துட்டேன். சாக்க விரிங்க."

விரித்தேன். நான் எதையும் வைக்கும் முன்னால் அவர் அலமாரியிலிருந்து நெய் டப்பாவைத் தானே எடுத்தார். முதலில் அதை வைத்தார். மூடியைத் திறந்தார். பஸ் டிக்கெட் இருந்தது. எடுத்துப் பார்த்தார். எழுத்து அழிந்திருந்தது.

"இது இனிமே வேணாம்," என்று கசக்கிப் போட்டார். பணத்தை உள்ளே வைத்து மூடினார். பிறகுதான் பெட்டியைத் திறந்து டர்போவைச் சாக்கில் வைத்தார். தண்ணீர் போக வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கயிற்றை நானே எடுத்து வைத்தேன்.

எஞ்சினைத் திறக்கவில்லை. வெளியே மாட்டினேன். மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை முடிந்து, லாரியில் டிராக்குக்குப் போனது. எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் போன் வந்தது. நான் தண்ணிச் சூட்டைத்தான் முதலில் கேட்டேன். சொன்னார். ஆயில் கேட்டேன். சொன்னார்.

"கண்ணாடியில இன்னா தெரிஞ்சிது?" என்றேன்.



"பாக்க மறந்துட்டேன், மேஸ்திரி."

மறு வாரம் ரெண்டு பேரும் வந்தார்கள். டப்பாவைக் கவிழ்த்தேன். ஒரு ஆயில் குழாய்க்கு மட்டும்தான் அதிலிருந்து எடுத்திருந்தேன். மீதி விழுந்தது. தேவகி எடுத்துக் கைப்பையில் வைத்தார். டப்பாவையும் கேட்டார்.

அது பாய் கொடுத்தது. யோசித்தேன். நானும் அந்த வருஷத்தோடு ஷெட்டை மூடுவதாக இருந்தேன். கொடுத்துவிட்டேன். பாய் என் இடத்தில் இருந்திருந்தால் கொடுத்திருப்பாரா தெரியாது.

கலசப்பாக்கத்துத் தம்பி, உன் பட்டறையிலிருந்து நடந்து போகிற தூரம்தான் அந்த விதைக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நெய் டப்பா இருக்கும். விலை சொல்லும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வா. கேட்டுப் பார்க்காதே. அந்தம்மா தர மாட்டார்.